கேரி: வண்டியில் பிறந்த சொல்

ஒன்றைத் தூக்கிக்கொண்டு இடம்விட்டு இடம் போவதை ஆங்கிலத்தில் ‘கேரி’ என்கிறார்கள். கைப்பை முதல் கைக்குழந்தை வரை எல்லாவற்றுக்கும் பொருந்தும் இச்சொல், தொடக்கத்தில் வண்டியில் ஏற்றிச் செல்வதையே குறித்தது.

கெல்டிக் இனத்தைச் சேர்ந்த ‘கால்’ (Gaul) மக்களின் வண்டிப் பெயரை ரோமானியர் எடுத்து, லத்தீனில் ‘கர்ரஸ்’ என்று வழங்கினர். வட பிரெஞ்சில் அதிலிருந்து ஒரு வினைச்சொல் கிளைத்தது. 1066இல் இங்கிலாந்தை வென்ற நார்மானியரோடு பிரெஞ்சும் அங்கே வேரூன்ற, அந்த வினை 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கியது. கார், கார்கோ, சார்ஜ் ஆகியவையும் இதே வேரில் முளைத்தவை. சுமையேற்றுதல் என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லின் வழியே, ஒருவரின் முக அடையாளங்களை மிகைப்படுத்தி வரையும் ‘கேரிகேச்சர்’கூட இக்குடும்பத்தில் சேர்கிறது.

முன்பு சுமப்பதற்கு ஆங்கிலேயரிடம் இருந்த சொல் ‘பேர்’. ‘கேரி’ பரவியதும் அது பெரும்பாலும் பிள்ளை பெறுவதற்கும் துன்பத்தைத் தாங்குவதற்கும் உரியதாகச் சுருங்கியது.

தமிழிலும் இச்சொல் நன்றாகவே ஊன்றிவிட்டது. சாப்பாட்டை அடுக்கடுக்காகச் சுமக்கும் டிபன் கேரியரும், சைக்கிளின் பின்னால் மூட்டையைத் தாங்கும் கேரியரும் இதன் வழிவந்த பெயர்களே.