நோயேடு யாருக்கு உரியது?

முன்னாளில் தோட்டத்து ஆஸ்பத்திரியை அறியாத தமிழர் இந்நாட்டில் மிகச் சிலரே. காய்ச்சலென்றும் இருமலென்றும் சென்று நின்றவரின் பெயரை டிரஸர் தம் ஏட்டில் எழுதிக்கொள்வார். மருந்து கிடைக்கும், நோயும் தீரலாம். ஆயினும் எழுதிய எழுத்து அங்கேயே நிற்கும். அவ்வேடு மருந்தறையிலேயே இருக்குமாயின் வைத்தியத்துக்குத் துணையாகும். அதுவே கிராணியின் மேசைக்கும், அங்கிருந்து துரையின் மேசைக்கும் சென்று, "இவன் நோயாளி, இவனுக்கு வேலையில்லை" என்னும் முடிவுக்குக் காரணமாகுமாயின், தொழிலாளியின் வயிற்றில் அடிக்கும் கோலாகிவிடும். ஏடு ஒன்றே, அஃது இருக்கும் இடமும், எடுத்தாளும் கையுமே வேறு.

சாதாரண காலத்திலேயே இவ்வாறாயின் கொள்ளைநோய்க் காலத்தைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? பினாங்குக் கரையை அடைந்ததும் புலாவ் ஜெரஜாக் தீவில் இறக்கப்பட்டு, தொற்றுநோய் இல்லையெனச் சர்க்கார் வைத்தியர் சொல்லும் வரையில் காத்துக் கிடந்தவர் நம் முன்னோருள் பலர். ஊரைக் காப்பதற்கு அத்தகைய சோதனை வேண்டியதே. அதனை நாம் மறுக்கவில்லை. "உனக்கு நோய் உண்டா? ஊசி போட்டுக்கொண்டாயா?" என்று அரசாங்கம் கேட்பது முறையே, உண்மை கூறுவது நம் கடமையே. நாம் ஈண்டு ஆராயப் புகுவது வேறொன்று. நோய் நீங்கிய பின்னர், அவ்விடையை எழுதிவைத்த ஏடு என்னவாகிறது? யார் யார் அதனைப் பார்க்கின்றனர்? அதனால் எவர் வேலையிழக்கின்றனர்?

இக்கேள்விக்கு விடை தேட அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சரித்திரத்தை எடுத்துக்கொள்கிறோம். அங்கே அரசாங்கமே முதலாளியாய் நின்று ஊழியரின் நோயை எழுதி வைத்தது, ஊழியர் வழக்காடினர், சட்டம் பிறந்தது, சட்டத்தைச் செய்த அரசாங்கமே பின்னர் சோதனைக்கும் உள்ளாயிற்று.

ஓர் ஆசிரியையின் வழக்கு

புளோரிடா மாகாணத்தில் நாசோ என்றொரு மாவட்டம் உண்டு. அங்குள்ள பொதுப் பாடசாலையில் 1966 முதல் சிறுவர்க்குப் பாடஞ்சொல்லி வந்தவர் ஜீன் ஆர்லைன் அம்மையார். இவர் 1957இல், சிறுமியாய் இருந்தபொழுது, காசநோயால் பீடிக்கப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். நோய் அடங்கிற்று. இருபது ஆண்டுகள் அஃது இருந்த சுவடே தெரியவில்லை. 1977இல் செய்த சோதனையில் கிருமி மீண்டும் காணப்பட்டது; 1978இல் மேலும் இருமுறை காணப்பட்டது. அம்மையார் திருட்டு ஏதும் செய்தாரில்லை, கடமையில் தவறினாருமில்லை. எனினும் 1979இல் பாடசாலைச் சபையார் அவரை வேலையினின்றும் நீக்கினர். நோய் திரும்பத் திரும்ப வருகின்றது என்பதே அவர்கள் காட்டிய காரணம்.

குழந்தைகளைப் பெற்றோர் அஞ்சுவது இயற்கை. காசநோய் காற்றின் வழியே பரவுவது என்பதும் மெய். ஆதலின் சபையார் செய்ததே சரியென்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் அம்மையார் கேட்டது வேறு: "என்னால் இப்பொழுது ஆபத்து உண்டா இல்லையா என்பதை வைத்தியர் ஆராய்ந்து சொன்னாரா? அன்றி என் நோயின் பெயரைக் கண்ட மாத்திரத்திலேயே தீர்மானித்துவிட்டீர்களா?" இதுவே வழக்கின் உயிர்நிலை.

அந்நாட்டிலே 1973இல் செய்யப்பட்ட சட்டமொன்று, மத்திய அரசாங்கத்தின் பணத்தைப் பெறும் எந்த நிறுவனமும் உடற்குறையுடையோரை அக்குறையின் பொருட்டே ஒதுக்கலாகாது என்று விதித்தது. மறு ஆண்டு அச்சட்டம் விரிவாக்கப்பட்டது. இப்பொழுது குறையுள்ளவர் மட்டுமல்லர், முன்னொரு காலத்தில் குறையிருந்ததாகக் குறிப்புள்ளவரும், குறையுள்ளவரெனப் பிறரால் கருதப்படுபவரும் அதன் பாதுகாப்புக்கு உரியவராயினர். எழுதிவைத்த பழங்குறிப்பே ஒருவரைத் தீண்டத்தகாதவராக்கும் என்பதைச் சட்டம் செய்தோர் உணர்ந்திருந்தனர்.

கீழ்க்கோர்ட்டு அம்மையாருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டுக் கோர்ட்டு அதனை மாற்றியது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றது. அது எயிட்ஸ் நோயைப் பற்றிய கலக்கம் நாடெங்கும் பரவியிருந்த காலம். 1986இல் அந்நாட்டு நீதி இலாகா, தொற்றுமென்ற அச்சத்தினால் ஒருவரை நீக்குவது, அவ்வச்சம் நியாயமானதாயினும் அன்றாயினும், மேற்படி சட்டத்துக்கு விரோதமாகாது என்று கருத்து வெளியிட்டிருந்தது. அக்கருத்து நிலைபெற்றிருந்தால், அச்சத்துக்கே அதிகாரம் கொடுத்ததாகியிருக்கும்.

1987ஆம் ஆண்டு மார்ச்சு 3ஆம் நாள் தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் எழுவர் அம்மையார் பக்கமும் இருவர் எதிர்ப்பக்கமும் நின்றனர். பெரும்பான்மையோர்க்காக நீதிபதி பிரென்னன் எழுதினார். நோய் உடலை வருத்துவதும், அந்நோய் பிறரைத் தொற்றுவதும் ஒரே வேரிலிருந்து கிளைப்பன. ஒன்றைக் காட்டி மற்றொன்றின் பாதுகாப்பைப் பறித்தல் ஆகாது என்பது அதன் சாரம். பிறர்க்குப் பெரும் அபாயம் விளைவிக்கக்கூடியவரை வேலையில் வைத்தே தீரவேண்டும் என்றும் கோர்ட்டு சொல்லவில்லை. நோய் எவ்வாறு பரவுகிறது, எவ்வளவு காலம் பரவும், எத்துணைக் கொடியது, பரவுதற்கு எத்துணை வாய்ப்புண்டு என்னும் நான்கையும் வைத்திய அறிவு கொண்டு, ஆளுக்கு ஆள் தனித்தனியே ஆராய வேண்டும் என்றே சொல்லிற்று. மறுவிசாரணையில், 1988இல், அம்மையார் தம் வேலைக்குத் தகுதியுடையவரே என்று தீர்ந்தது. அவரை மீண்டும் அமர்த்துக, இன்றேல் ஓய்வுக்காலம் வரைக்குமான ஊதியத்தைக் கொடுக்க என்று கோர்ட்டு கட்டளையிட்டது.

இவ்வழக்கில் நேயர்கள் ஊன்றி நோக்க வேண்டிய செய்தியொன்று உண்டு. அம்மையார் சட்டத்தின் பாதுகாப்புக்கு உரியவர் என்பதை மெய்ப்பித்தது எது? 1957இல் ஆஸ்பத்திரியில் எழுதப்பட்ட அந்தப் பழைய குறிப்பேயாகும். அவரது நோயின் கதையே சபையார் கையில் வாளாயிற்று. அக்கதையை எழுதிவைத்த ஏடு அவர் கையில் கேடயமாயிற்று.

தனிப்பெட்டியில் வைக்கும் சட்டம்

இவ்வனுபவங்களுக்குப் பின்னர், 1990ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் உடற்குறையுடையோர்க்கான பெருஞ்சட்டமொன்று அந்நாட்டில் கையெழுத்தாயிற்று. ஊழியரிடமிருந்து முதலாளி பெறும் வைத்தியச் செய்திகளைத் தனித் தாளில் எழுதி, தனிக் கட்டில் வைத்து, இரகசியமாய்க் காக்க வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. உத்தியோகக் கட்டில், பதவி உயர்வுக் குறிப்போடும் விடுமுறைக் கணக்கோடும் சேர்த்து அதனைக் கட்டலாகாது. மேலதிகாரிக்கு, ஊழியர் எவ்வேலையைச் செய்யலாகாது, அவருக்கு என்ன வசதி வேண்டும் என்பதை மட்டும் சொல்லலாம். அவசர சிகிச்சை செய்வோர்க்கு வேண்டுமாயின் சொல்லலாம். சட்டம் காக்கப்படுகிறதா என்று விசாரிக்கும் அதிகாரிக்குக் காட்டலாம். மற்றையோர்க்கு அக்கதவு அடைபட்டதே. இவ்விதிகள் 1992இல் மத்திய அரசாங்கத்தின் சொந்த அலுவலகங்களுக்கும் உரியனவாக்கப்பட்டன.

சட்டம் ஏட்டில் ஏறிவிட்டதனாலேயே மனம் மாறிவிடுமா? மாறாது. அந்நாட்டு வெளிநாட்டு இலாகா, 1987 முதற்கொண்டு எச்.ஐ.வி. சோதனை செய்து, கிருமி காணப்பட்டோரை வெளிநாட்டு உத்தியோகத்தில் சேர்க்காமலே இருந்தது. அவ்வாறு தள்ளப்பட்டவர் ஒருவர் பல்லாண்டு வழக்காடிய பின்னர், 2008இலேதான் அப்பொதுத் தடையைக் கைவிட்டது. பிறர்க்கு நீதி கூறும் அரசாங்கம், தானே முதலாளியாகும்பொழுது தடுமாறுவதை இதனால் அறிகிறோம்.

கோவிட் காலத்து ஏடுகள்

பின்னர் 2020இல் கோவிட் என்னும் பெருந்தொற்று உலகை வளைத்துக்கொண்டது. 2021ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், மத்திய அரசாங்கத்தின் சிவில் ஊழியர் யாவரும் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று ஜனாதிபதி பைடன் உத்தரவிட்டார். அவ்வூழியர் தொகை ஏறக்குறைய 20 இலட்சம். நவம்பர் 22ஆம் நாள் கெடுவாகக் குறிக்கப்பட்டது. வாயினாற் சொன்னால் போதாது. ஊசிச் சீட்டையோ வேறு அத்தாட்சியையோ காட்டவேண்டும். கெடு வந்தபொழுது நூற்றுக்கு 90க்கு மேற்பட்டோர் ஓர் ஊசியேனும் போட்டிருந்தனர். உடல்நிலை காரணமாகவோ சமயக் காரணமாகவோ விலக்குக் கேட்டோர் தம் காரணத்தை எழுதிக் கொடுத்தனர். இவ்வாறு ஒருவரின் உடல் மட்டுமன்றி, அவரது நம்பிக்கையும் அலுவலக ஏட்டில் இடம்பெற்றது.

2022ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள் டெக்ஸாஸ் மாகாணத்து மத்திய கோர்ட்டு ஒன்று அவ்வுத்தரவை நிறுத்திவைத்தது. 2023 மே மாதத்தில் ஜனாதிபதியே அதனை நீக்கினார். உத்தரவு போயிற்று, தொற்று அவசர நிலையும் முடிந்தது. ஆனால் ஏடு போகவில்லை. ஊசி போட்டவர் யார், மறுத்தவர் யார், விலக்குக் கேட்டவர் யார் என்பன அலுவலகங்களில் அப்படியே கிடந்தன. இரண்டாண்டுகளுக்குப் பின்னர், 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 8ஆம் நாளில், அரசாங்க ஊழியர் நிருவாக இலாகா கட்டளையொன்று பிறப்பித்தது. நியமனம், உயர்வு, தண்டனை, நீக்கம் ஆகிய எதற்கும் அச்செய்திகளை ஆதாரமாகக் கொள்ளலாகாது; உத்தியோகக் கட்டினின்றும் அவற்றை அகற்றிவிட வேண்டும்; தம் குறிப்பு இருக்கட்டும் என்று விரும்பும் ஊழியர் 90 நாளுக்குள் தெரிவிக்கலாம் என்பன அதன் செய்திகள்.

ஊசிக் கட்டாயம் நன்றா தீதா என்று அந்நாட்டில் பெரும் வாதம் நடந்தது. கொள்ளைநோயைத் தடுப்பதில் ஊசியின் பயனை நாம் ஐயுறவில்லை. நாம் கருதுவது ஏட்டின் முடிவை மட்டுமே. தேவை தீர்ந்த ஏட்டை அகற்றுவது நன்று. ஆனால் அதற்கு இரண்டாண்டுகள் ஆகியிருக்க வேண்டுவதில்லை. மேலும், ஏட்டை எரிப்பது எப்பொழுதும் ஊழியனுக்கு நன்மையென்றும் எண்ணிவிடலாகாது. 1957இன் குறிப்பை எவரேனும் அழித்திருந்தால் ஆர்லைன் அம்மையாரின் கேடயம் எங்கே? ஆதலின், "வைக்கவா, அகற்றவா?" என்று உரியவரையே கேட்டது, அக்கட்டளையில் நாம் பாராட்டும் பகுதியாகும்.

நம் வீட்டு வாயிலில்

இது தூர தேசத்துக் கதையென்று தள்ளிவிடுவதற்கில்லை. சிங்கப்பூரில் 2020 மார்ச்சு மாதம், நோயாளியோடு பழகியவரைக் கண்டறியும் பொருட்டு 'டிரேஸ்டுகெதர்' என்னும் கைப்பேசிச் செயலி வந்தது. அது தொற்றைத் தொடர்வதற்கு மட்டுமே பயன்படும் என்று ஜனங்களுக்குச் சொல்லப்பட்டது. 2021 ஜனவரி 4ஆம் நாள், குற்ற விசாரணைக்குப் போலீஸாரும் அச்செய்திகளைப் பெறக்கூடும் என்று பார்லிமெண்டில் தெரிவிக்கப்பட்டது. ஜனங்கள் மனங்கலங்கினர். பிப்ரவரி 2ஆம் நாள், ஏழு வகைக் கொடுங்குற்றங்களுக்கு மட்டுமே என்று வரையறுத்துச் சட்டம் செய்யப்பட்டது. தவறு தெரிந்தவுடன் திருத்தியது போற்றத்தக்கதே. ஆனால் சட்டம் முதலிலும் செயலி பின்னரும் வந்திருக்க வேண்டுமன்றோ? மலேசியாவிலோ, 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தகவற் பாதுகாப்புச் சட்டம் கம்பெனிகளைக் கட்டுகிறதே யன்றி, மத்திய அரசாங்கத்தையும் மாநில அரசாங்கங்களையும் கட்டுவதில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியிலும் பாடசாலையிலும் வேலை செய்யும் நம்மவர் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

நோயை மறைப்பது பாவம் என்று நாம் தொழிலாளர்க்கு உபதேசிக்கிறோம். ஆனால் சொன்னவன் வேலையிழப்பதை அடுத்த வீட்டுக்காரன் கண்டால், அவன் இருமலை வாய்பொத்தி அடக்குவானே யன்றி ஆஸ்பத்திரிக்கு வருவானா? வராமற்போனால் அவன் மட்டுமோ கெடுவான்? மனைவியும் மக்களும் லயத்தில் உள்ளோரும் கெடுவர். ஏட்டைக் காப்பது நோயாளிக்குக் காட்டும் சலுகை அன்று. ஊரைக் காக்கும் மருந்துகளுள் அதுவும் ஒன்று.

ஆகவே, நண்பர்களே! கொள்ளைநோய் இனியும் வரும். அப்பொழுது தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள். உண்மையை மறையாது எழுதுங்கள். எழுதும் முன்னர் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: இஃது எதற்காக? யார் பார்ப்பார்? எங்கே இருக்கும்? எப்பொழுது அகற்றப்படும்? தனியொருவர் கேட்டால் அதிகாரி சினப்பார். சங்கமாகக் கேட்டால் விடை சொல்வார். அவ்விடையையும் ஒரு தாளில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.