அம்பின் நுனியும் அடிப்பிளவும்: ஒரு கொல்லர் ஏறிய மலை

மலையேற்றம் என்றதும் நம் நினைவுக்கு வருவது இமயம்தான். 1953-இல் எவரெஸ்ட்டைத் தொட்ட டென்சிங், ஹிலாரி பெயர்களைப் பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் பனியே இல்லாத, செங்குத்தான வெறும் பாறையில் ஏறுவது வேறொரு கலை. அந்தக் கலையின் வரலாற்றில் ஒரு சிறு பகுதியை, அதுவும் பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் போன ஒரு கொல்லரின் கதையை, இம்மலரின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். உச்சியைத் தொட்டது யார் என்பதைவிட எந்த வழியில் தொட்டார் என்பதே பெரிது என்று காட்டிய கதை இது.

இடம், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள யோசெமிட்டிப் பள்ளத்தாக்கு. அவானீச்சி என்ற பழங்குடி மக்களின் தாயகமாக இருந்த இந்தப் பள்ளத்தாக்கை 1864-இல் அதிபர் லிங்கன் கையெழுத்திட்ட சட்டம் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. 1890-இல் தேசியப் பூங்கா உருவானது. இங்கே 2,425 அடி உயரத்திலிருந்து மூன்று கட்டமாக விழுகிறது யோசெமிட்டி அருவி. அதன் மேற்கட்டத்துக்குப் பக்கத்தில், பெருஞ்சுவரிலிருந்து சற்றே விலகி, தனியாக நிற்கும் ஒரு கூரிய பாறைத்தூண் உண்டு. அதற்கு ‘லாஸ்ட் ஆரோ’ என்று பெயர். ‘தொலைந்த அம்பு’ என்று சொல்லலாம். தூணுக்கும் சுவருக்கும் இடையே மேலே ஒரு பிளவுவாய். அதிலிருந்து கீழே அடிவாரம் வரை ஆயிரம் அடிக்கும் மேலாக இறங்குகிறது ஓர் ஆழமான, இருண்ட பிளவு.

இப்படி மனித உடம்பே உள்ளே நுழையும் அளவு அகன்ற பிளவைப் பாறையேறிகள் ‘சிம்னி’, அதாவது புகைபோக்கி என்பார்கள். அதில் எப்படி ஏறுவது? நம்ம ஊர்க் கிணற்றில் தவறி விழுந்த வாளியை எடுக்க இறங்கியவர்களைப் பார்த்திருந்தால் எளிதாகப் புரியும். குறுகிய கிணறாக இருந்தால் முதுகை ஒரு பக்கம் அழுத்தி, கால்களை எதிர்ப்பக்கம் உந்தி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்வார்கள் அல்லவா? அதே வித்தைதான். மிகக் குறுகிய இடத்தில் காலை நீட்டவே முடியாது. முழங்கால், முழங்கை, தோள் எல்லாவற்றையும் திணித்துப் புழுவைப் போல ஊர்ந்தாக வேண்டும். இன்னொரு சங்கடமும் உண்டு. மெல்லிய வெடிப்பில் இரும்பு ஆணியை அடித்துக் கயிற்றை மாட்டிவிடலாம். அகன்ற பிளவில் ஆணி நிற்காது. பாதுகாப்பு இல்லாமலே வெகுதூரம் ஏற வேண்டியிருக்கும். கடைசி ஆணிக்கு இருபது அடி மேலே கை நழுவினால், இருபதடி அல்ல, நாற்பதடிக்கும் மேல் விழ வேண்டும்!

இங்கேதான் நம் கொல்லர் வருகிறார். ஜான் சலாத்தே 1899-இல் சுவிட்சர்லாந்தில் பாசல் நகருக்கு அருகே பிறந்தவர். கொல்லர் தொழில் கற்று, இளவயதிலேயே ஊரை விட்டுக் கிளம்பி, கப்பல் வேலை, கனடா என்று சுற்றி, 1930-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் சான் மட்டேயோ ஊரில் சொந்தமாக இரும்புப் பட்டறை வைத்தார். கதவு, கிராதி போன்ற வேலைப்பாடுகள்தான் பிழைப்பு. ஆங்கிலம் கடைசி வரை அவருக்கு ஊர் வாடையோடுதான் வந்தது. உடல்நலம் கெட்டு, இறைச்சியை விட்டு, மலைக்காற்றைத் தேடிப் போனவர் 1945-இல்தான் பாறை ஏறவே கற்றுக்கொண்டார். அப்போது வயது 46! நம்மில் பலர் ‘இனிமேல் என்ன’ என்று சாய்வு நாற்காலியைத் தேடும் வயது.

அன்று பாறையேறிகள் பயன்படுத்திய ஆணிகள் ஐரோப்பாவில் பழகிய மெல்லிரும்பு ஆணிகள். அங்கே ஆணியை அடித்தால் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவார்கள். வெடிப்பின் வளைவுக்கேற்ப அது நெளிந்து கொடுப்பது நல்லதாகவே பட்டது. யோசெமிட்டியின் கருங்கல்லிலோ அது மடங்கிப் போனது. அடித்துப் பிடுங்கி, மறுபடி அடிக்க வழியில்லை. ஆயிரம் அடி ஏறுவதற்கு ஒரு மூட்டை ஆணியையா சுமக்க முடியும்? சலாத்தே தன் பட்டறைக்குத் திரும்பி, கடினமான கரிம எஃகைக் காய்ச்சி, அடித்து, பதம் கொடுத்துப் புதிய ஆணிகளைச் செய்தார். பழைய ஃபோர்டு காரின் அச்சிலிருந்து செய்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. எப்படியானாலும், இவை மீண்டும் மீண்டும் அடித்தும் மடங்காத ஆணிகள். அந்தத் தலைமுறையின் பெரிய ஏற்றங்களுக்கு வழி திறந்தவை இவை.

1946 ஆகஸ்டில் சலாத்தே மேலிருந்து பிளவுவாய்க்குக் கயிற்றில் இறங்கி, அங்கிருந்து அம்பின் நுனியை நோக்கி ஏறினார். வெடிப்பே இல்லாத வழுவழுப்பான பாறை குறுக்கிட, உச்சிக்குச் சற்றுக் கீழே திரும்ப வேண்டியதாயிற்று. அடுத்த மாதமே வேறு நால்வர் வந்தார்கள். நுனியின் மேலே கயிற்றை வீசி, அது விழுந்து சிக்கிய பிறகு, அதைப் பிடித்து உச்சியை அடைந்தார்கள். சாமர்த்தியம்தான்; சந்தேகமில்லை. ஆனால் ‘இது ஏறியதாகுமா?’ என்ற கேள்வி எழுந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த நால்வரில் ஒருவரான ஆன்டன் நெல்சனுக்கே அதில் நிறைவு இல்லை.

மறு வருஷம், 1947 செப்டம்பரில், அதே நெல்சன் சலாத்தேயோடு கூட்டுச் சேர்ந்தார். இம்முறை குறுக்குவழி வேண்டாம் என்று, அடிவாரத்திலிருந்து அந்தப் பிளவு வழியாகவே தொடங்கினார்கள். ஐந்து நாள்! இரவுகளும் அந்தச் சுவரிலேயே. இத்தனை நாள் நீண்ட பாறை ஏற்றம் அதுவரை அமெரிக்காவில் நடந்ததில்லை. பக்கத்தில் இருப்பதோ பேர்பெற்ற அருவி. கோடை முடிவில் அது பெரும்பாலும் வற்றிவிடும். சுமந்து போன கொஞ்சம் தண்ணீரை அளந்து அளந்து குடித்தார்கள். பிளவு முடிந்த பிறகு, வெடிப்பில்லாத கடைசிப் பகுதியில் கையாலேயே துளையிட்டுத் திருகாணி பதித்து, நுனியை அடைந்தார்கள்.

1950-இல், ஜூன் 30 முதல் ஜூலை 4 வரை, சலாத்தே ஆலன் ஸ்டெக் என்ற இளைஞரோடு சென்டினல் பாறையின் வடமுகத்தை ஏறினார். அங்கும் புகைபோக்கிப் பிளவுகள்தான் சோதனை. அதில் ‘நாரோஸ்’ என்ற இடம் ஆள் பக்கவாட்டில் நுழைவதற்கே மூச்சை வெளியே விட வேண்டிய அளவு குறுகியது. சலாத்தேக்கு அப்போது 51 வயது. அந்த வழி இருவர் பெயரையும் தாங்கி இன்றும் புகழோடு இருக்கிறது.

கதை இத்தோடு முடியவில்லை. 1957-இல் இவோன் ஷுனார் என்ற இளைஞர் தாமே கொல்லர் வேலை கற்று, சலாத்தே ஆணியின் வழியில் புதிய எஃகு ஆணிகளைச் செய்து விற்கத் தொடங்கினார். ஒருவகை ஆணிக்கு ‘லாஸ்ட் ஆரோ’ என்றே பெயர். 1970 வாக்கில் அவர் நிறுவனம் அமெரிக்காவிலேயே பெரிய மலையேற்றக் கருவி வியாபாரம் ஆகிவிட்டது. ஆனால் ஆயிரக்கணக்கானோர் அடித்துப் பிடுங்கிய ஆணிகளால் பாறை வெடிப்புகள் சிதைந்து வடுப்பட்டன. மடங்காத எஃகின் மறுபக்கம் இது. 1972-இல் ஷுனார் தம் விற்பனைப் பட்டியலிலேயே ஆணியைக் குறையுங்கள் என்று சொல்லி, சுத்தியல் இல்லாமல் கையால் செருகி எடுக்கும் உலோகக் கட்டைகளை முன்வைத்தார். தன் முக்கியச் சரக்கையே வேண்டாம் என்று சொன்ன வியாபாரி எத்தனை பேர்? பின்னாளில் அகன்ற பிளவுக்கென்றே விரியும் அலுமினியக் குழாய்களும் வந்தன.

இத்தனை வசதி வந்த பிறகும் லாஸ்ட் ஆரோ பிளவில் ஏறுவோர் மிகச் சிலரே. நுனிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மேலிருந்து கயிற்றில் இறங்கி, பிளவுவாயிலிருந்து ஏறி, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அது குற்றமல்ல, அதுவும் துணிவு வேண்டிய காரியம்தான். ஆனாலும் வரலாறு 1946-ஐ விட 1947-ஐத்தான் பெரிதாகப் பேசுகிறது.

சலாத்தே 1992-இல் காலமானார். எல் கேபிடன் என்ற மாபெரும் பாறையில் 1961-இல் திறந்த ஒரு வழிக்கு ‘சலாத்தே சுவர்’ என்று பெயர் வைத்தார்கள். அவர் அதில் ஏறியதே இல்லை. பிறந்த மண்ணிலிருந்து அவர் கொண்டுபோன முதல் கைத்தொழில்தான். போன இடத்தில் அதுவே அவர் பெயரை மலையில் எழுதியது. வேற்றூரில் வேர்பிடித்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நம்மில் பலருடைய பிள்ளைகள் இன்று கலிபோர்னியாவில் இருக்கிறார்கள். அவர்கள் உங்களை யோசெமிட்டிக்கு அழைத்துப் போனால், அருவியைப் பார்த்துவிட்டு அதன் வலப்பக்கம் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். அம்பின் நுனி தானாகக் கண்ணில் படும். அதற்குக் கீழே கறுப்பாக இறங்கும் கோட்டையும் அடிவரை தேடிப் பாருங்கள். ஐந்து நாள் வழி அது.