வீட்டிலேயே விமானம் கட்டலாமா? கட்டிட்டா பறக்க விடுவாங்களா?

கட்டலாம். கஷ்டமெல்லாம் அனுமதியில்தான். மும்பை காந்திவலியில் மொட்டை மாடியிலேயே 6 இருக்கை விமானம் கட்டினார் பைலட் அமோல் யாதவ். 2011-ல் விண்ணப்பித்தவருக்கு, விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டிஜிசிஏ பதிவுச் சான்று தந்தது 2017 நவம்பரில்!

பாகங்கள் பெட்டியில் வரும் 'கிட்' விமானம் என்றால்? கேரளத்தில் பிறந்து இங்கிலாந்தில் வசிக்கும் இன்ஜினீயர் அசோக் தாமராக்‌ஷன், தென்னாப்பிரிக்காவின் 'ஸ்லிங்' கிட்டை வாங்கி, லாக்டவுனில் தோட்டத்து ஷெட்டில் பூட்டத் தொடங்கினார். சுமார் 18 மாத வேலை, 1.40 லட்சம் பவுண்டு செலவு. அங்கே வேலை நடக்க நடக்க ஆய்வாளர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடணும். 2022-ல் அதே 4 இருக்கை விமானத்தில் ஐரோப்பா போய்வந்தார்.

தூத்துக்குடி மொட்டை மாடியில்? தகடு அலுமினியம், நம்ம ஊர் உப்புக்காத்து சும்மா விடாது. ரிவெட் அடிக்கும் முன்பே உள்பக்கமும் பிரைமர் பூசணும். இறக்கையைக் கழற்றி லாரியில் ஏற்றினால், பக்கத்து ரன்வே வாகைக்குளம்தான்.