அபராதம் ஒன்று, அறிக்கை ஒன்று

கேப்பிடல் ஒன் வங்கி, 2019. மைக்ரோசாஃப்ட், 2023. இரண்டும் கிளவுடில் நடந்த திருட்டுகள்தான். பழி போய் விழுந்த இடம்தான் வேறு.

அந்த வங்கி தன் தரவை அமேசானின் ஏடபிள்யூஎஸ் சேவையில் வைத்திருந்தது. தப்பாக அமைத்த ஃபயர்வால் வழியாகப் புகுந்தவர், சர்வர்களுக்குத் தற்காலிக அனுமதிச் சான்று தரும் உள்சேவையிடம் சர்வர் கேட்பதுபோலவே கேட்டு அதை வாங்கிவிட்டார். அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் 60 லட்சம் பேரின் விவரங்கள் பறிபோயின. ஃபயர்வாலை அமைத்தது வங்கி, ஆகவே தவறும் அதனுடையதே என்றது அமேசான். பொறுப்பைப் பங்கிடும் ஒப்பந்தப்படி அது சரி. 2020-இல் விதிக்கப்பட்ட 8 கோடி டாலர் அபராதமும் வங்கியின் தலையில்தான். ஆனால் 2019 நவம்பரிலேயே அந்த உள்சேவைக்குப் புதிய, கறாரான பதிப்பு வந்தது. குறையே இல்லாத கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் எதற்கு? அதிலும் பழைய பதிப்பு கூடவே ஓடியது. மாறுவதும் மாறாததும் வாடிக்கையாளர் இஷ்டம்.

மைக்ரோசாஃப்ட் விஷயத்தில் வாடிக்கையாளர்மீது சொல்ல ஒன்றும் இல்லை. 2016-இல் உருவாக்கிய ஒரு கையொப்பச் சாவி, சீனாவுடன் தொடர்புடைய குழுவிடம் சிக்கியது. தனிநபர் கணக்குகளுக்கான அந்தச் சாவி, நிறுவனத்தின் சரிபார்ப்புக் குறையால், அரசு அலுவலக அஞ்சல்களையும் திறந்தது. அன்றைய அமெரிக்க வணிகத்துறைச் செயலர் ஜீனா ரைமண்டோவின் அஞ்சலும் தப்பவில்லை. கண்டுபிடித்தது மைக்ரோசாஃப்ட் அல்ல, அமெரிக்க வெளியுறவுத்துறை. அதுவும் கூடுதல் கட்டணம் கட்டி வாங்கிய லாக் பதிவுகள் கையில் இருந்ததால். கட்டாதவர்களுக்கு அந்தத் தடயமே கிடையாது. தன் வீட்டில் நடந்த களவின் தடயத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்பதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

2024 ஏப்ரலில் வெளியான, அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு மறுஆய்வு வாரியத்தின் அறிக்கை, இது தடுத்திருக்கக்கூடிய ஊடுருவல் என்றது. சாவி எப்படிப் போனது என்று 2023 செப்டம்பரில் சொன்ன விளக்கத்தை மைக்ரோசாஃப்ட் 2024 மார்ச்சில்தான் திருத்தியது. அதுவும் வாரியம் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகு. அந்த வாரியத்துக்கு அபராதம் போடும் அதிகாரம் இல்லை. ஆனாலும் 8 கோடி டாலரைவிட அதன் கேள்விகளே சேவை தருபவரை அதிகம் நெருக்கின என்பது என் கணிப்பு. அபராதம் ஒப்பந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. அறிக்கை அதைத் தாண்டி வடிவமைப்பையே கேள்வி கேட்டது. கட்டண லாக்குகள் பலவற்றை வழக்கமான சந்தாவிலேயே தரப்போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது மட்டும் அறிக்கைக்கு முன்பே, 2023-இல்.

கேப்பிடல் ஒன் திருட்டை ஒட்டி 2019-இல் அமேசானை விசாரிக்கச் சொல்லி இரண்டு செனட்டர்கள் கடிதம் எழுதினார்கள். வாரியம் அப்போது பிறக்கவில்லை, 2022-இல்தான் அமைந்தது. 2025 ஜனவரியில் அதன் உறுப்பினர்கள் எல்லோரையும் அமெரிக்க அரசு நீக்கிவிட்டது.