அப்பா, அம்மா வீட்டுக்கு வேக்யூம் கிளீனர் வாங்கப் போறீங்களா? ‘வாட்’ பார்க்கும் முன் இதையெல்லாம் பாருங்க!

சிங்கப்பெருமாள் கோவிலில் இருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையில், வாகன ஆலைகளுக்கும் உதிரிபாகத் தொழிற்சாலைகளுக்கும் போகும் கன்டெய்னர் லாரிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. சாலையோர வீடுகளில் காலையில் பெருக்கினால் மாலையில் மறுபடியும் தூசு. பிள்ளைகள் ஷிஃப்ட் வேலைக்கோ, வெளியூருக்கோ போய்விட்டால், வீட்டில் குனிந்து பெருக்குவது வயதான அப்பா, அம்மாதான்.

‘ஒரு வேக்யூம் கிளீனர் வாங்கிக் கொடுத்திடலாம்’ என்பது நல்ல யோசனைதான். ஆனால் பொருந்தாத மாடலை வாங்கினால் அது சில வாரங்களில் பரணுக்குப் போய்விடும். அதைவிட முக்கியம், ஒயர் தடுக்கி விழுந்தால் இந்த வயதில் இடுப்பு எலும்பு முறிவு வரை போகலாம். எனவே ஆஃபரைப் பார்க்கும் முன், பயன்படுத்தப் போகிறவரைப் பார்க்க வேண்டும்.

முதலில் கேட்க வேண்டிய கேள்விகள்

- இதை இயக்கப் போவது யார்? அம்மாவா, அப்பாவா, வீட்டு வேலைக்கு வருபவரா?
- முழங்கால் வலி, இடுப்பு வலி, விரல் மூட்டு வலி இருக்கிறதா?
- வீடு ஒரே தளமா, மாடி இருக்கிறதா?
- ஆஸ்துமா, தூசு அலர்ஜி யாருக்காவது உண்டா?
- சுத்தம் செய்ய வேண்டியது வெறும் தரையா, சோபா, மெத்தை, ஜன்னல் கம்பியும் சேர்த்தா?

இந்தப் பதில்கள் கையில் இருந்தால், பாதி மாடல்களைக் கடைக்குப் போகும் முன்பே ஒதுக்கிவிடலாம்.

எத்தனை வகை? யாருக்கு எது?

டிரம் வகை: ஈரம், உலர் குப்பை இரண்டையும் இழுக்கும். விலைக்கு நல்ல சக்தி. ஆனால் பின்னாலேயே இழுத்துச் செல்ல வேண்டும், கனமும் அதிகம். மாடிப்படி ஏற்றுவது முதியவர்களுக்குச் சரிப்படாது. வேலைக்கு வருபவர் இயக்குவார் என்றால் மட்டும் யோசிக்கலாம்.

ஒயர் உள்ள ஸ்டிக் வகை: துடைப்பம் போல நின்றபடியே பயன்படுத்தலாம். பேட்டரி செலவு கிடையாது. குறைந்த பட்ஜெட்டுக்கு ஏற்றது. ஒயர்தான் இதன் தலைவலி.

ஒயர் இல்லாத ஸ்டிக் வகை: பெரும்பாலானவை 1.5 முதல் 3 கிலோ வரை. ஒயர் தடுக்காது, உடனே எடுத்துப் பயன்படுத்தலாம். பெரும்பாலான முதியவர்களுக்கு இதுதான் வசதி. ஆனால் விலை கூடுதல். சில ஆண்டுகளில் பேட்டரி திறன் குறையும். பேட்டரியைத் தனியாகக் கழற்றி மாற்ற முடியுமா, புது பேட்டரி என்ன விலை என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

ரோபோ வகை: குனியவே வேண்டாம், ஆனால் நம் ஊர் வீடுகளில் ஒரு சிக்கல் உண்டு. பல ரோபோக்களால் சுமார் 2 சென்டிமீட்டர் உயரம் வரைதான் ஏறி இறங்க முடியும். பழைய வீடுகளின் நிலைப்படி அதைவிட உயரம். அப்படியானால் ஒவ்வோர் அறைக்கும் யாராவது அதைத் தூக்கி வைக்க வேண்டும். சமதளமான அடுக்குமாடி வீடு என்றால் நன்றாகவே வேலை செய்யும்.

ரோபோ வாங்குவதாக இருந்தால் இன்னும் இரண்டு விஷயங்கள். வீட்டில் வைஃபை இல்லையென்றால், செயலி இல்லாமல் பட்டனிலோ ரிமோட்டிலோ இயங்கும் மாடலாகப் பாருங்கள். அடுத்து, தரையில் குத்துவிளக்கு எரியும் நேரத்தில் அதை ஓட விடவே கூடாது. காலுக்குள் வந்து தடுக்காமல் இருக்க, அம்மா உட்கார்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து ஓட்டுவது நல்லது.

வாட் அதிகம் என்றால் இழுவிசை அதிகமா?

இல்லை. வாட் என்பது மோட்டார் எடுத்துக்கொள்ளும் மின்சாரம். எவ்வளவு தூசை இழுக்கும் என்பது காற்றோட்டம், பிரஷ், ஃபில்டர் எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கும் விஷயம். ஐரோப்பிய ஒன்றியம் 2014ல் வேக்யூம் கிளீனர்களுக்கு 1,600 வாட்டுக்குக் குறைவு என்ற வரம்பை விதித்தது. 2017ல் அதை 900 வாட்டாகக் குறைத்தது. அங்கேயும் வீடுகள் சுத்தமாகத்தான் இருக்கின்றன.

டைல்ஸ், மொசைக், சிமென்ட் தரைக்கு மிக அதிக இழுவிசை தேவையில்லை. கார்பெட்டும் தடிமனான மெத்தையும்தான் அதைக் கேட்கும்.

ஆனால் பிளக் பாயின்ட்டுக்காக வாட்டைப் பார்க்க வேண்டும். 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் பாயின்ட் தாங்குவது சுமார் 1,380 வாட். 1,600 வாட் மெஷின் என்றால் 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும். அது பல வீடுகளில் கிச்சனிலும் ஏசி பக்கத்திலும்தான் இருக்கும். அதற்காக எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டால், தடுக்கி விழ இன்னொரு ஒயர் சேர்ந்துவிடும். கரன்ட் போனால் வீட்டு இன்வெர்ட்டரில் இதை ஓட்டவும் முயற்சிக்க வேண்டாம்.

மின்கட்டணம் பற்றிப் பயம் வேண்டாம். 1,200 வாட் மெஷினை 15 நிமிடம் ஓட்டினால் செலவாவது 0.3 யூனிட்தான்.

ஆஸ்துமா இருந்தால் ஃபில்டர்தான் முக்கியம்

துடைப்பத்தால் பெருக்கும்போது நுண்ணிய தூசு மேலே எழும்பி, சிறிது நேரத்தில் மறுபடி தரையிலேயே படியும். ஃபில்டர் சரியில்லாத வேக்யூம் கிளீனரும் இதையேதான் செய்யும், முன்னால் இழுத்துப் பின்னால் ஊதும். உண்மையான ஹெப்பா ஃபில்டர், 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கக்கூடியது. ‘ஹெப்பா போன்றது’, ‘ஹெப்பா டைப்’ என்று பெட்டியில் போட்டிருந்தால் அது வேறு.

தூசுப் பெட்டியைக் கொட்டும்போதுதான் தூசு அதிகம் முகத்தில் அடிக்கும். பை வைத்த மாடலில் பையோடு எடுத்துப் போட்டுவிடலாம். ஆனால் பை அடிக்கடி வாங்க வேண்டும். பை இல்லாத மாடல் என்றால், மாஸ்க் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வெளியே கொட்டச் சொல்லுங்கள்.

கடையில் அம்மாவே பிடித்துப் பார்க்கட்டும்

முடிந்தால் பெற்றோரைக் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே சோதிக்க வேண்டியவை:

- ஒரு கையால் ஐந்து நிமிடம் தள்ளச் சொல்லுங்கள். மொத்த எடையைவிடக் கையில் தாங்கும் எடைதான் வலியைத் தரும்.
- சில ஸ்டிக் மாடல்களில் டிரிக்கரை விடாமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். விரல் வலி இருப்பவர்களுக்கு அது ஒத்துவராது. ஒரு முறை அழுத்தினால் ஓடும் பட்டன் இருக்கட்டும்.
- தூசுப் பெட்டியை அவர்களே கழற்றி மாட்ட முடிகிறதா?
- கட்டிலுக்கு அடியில் போக, குனியாமல் கைப்பிடி மடங்குகிறதா?
- சத்தம் எப்படி? 80 டெசிபலைத் தாண்டினால் காலிங் பெல்லும் போனும் கேட்காது.

இதையெல்லாம் உறிஞ்சக் கூடாது

அணையாத ஊதுபத்திச் சாம்பல், கற்பூரத் துண்டு, தீக்குச்சி இவை உள்ளே போனால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. கோலமாவு, விபூதி, சுண்ணாம்பு, சிமென்ட் தூள் போன்றவை ஃபில்டரை அடைத்துவிடும். உலர் குப்பைக்கு மட்டுமான மெஷினில் தண்ணீரை இழுத்தால் ஷாக் அடிக்கலாம்.

கழுவக்கூடிய ஃபில்டரைக் கழுவினால், நிழலில் 24 மணி நேரமாவது காயவிட்டு, முழுதாக உலர்ந்த பிறகே மாட்ட வேண்டும். பிரஷ்ஷில் சுற்றிய தலைமுடியை வாரம் ஒரு முறை வெட்டி எடுங்கள். எதைச் செய்தாலும், முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும். பேஸ்மேக்கர் பொருத்தியிருப்பவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சர்வீஸ் எங்கே கிடைக்கும்?

1982ல் தொடங்கப்பட்ட யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனம், விற்பனையாளர்களை வீடு வீடாக அனுப்பி வேக்யூம் கிளீனரை இந்தியக் குடும்பங்களுக்கு அறிமுகப்படுத்தியது. இப்போது பெரும்பாலும் ஆன்லைன். வந்து இறங்குவது சுலபம், ரிப்பேருக்குத்தான் அலைச்சல். சர்வீஸ் சென்டர் செங்கல்பட்டில் இருக்கிறதா, தாம்பரத்திலா, சென்னைக்குள் போக வேண்டுமா, வீட்டுக்கே ஆள் வருவார்களா என்று பெற்றோர் வீட்டுப் பின்கோடைப் போட்டுப் பாருங்கள்.

பில்லைப் பத்திரமாக வையுங்கள், பெற்றோரின் போன் எண்ணில் வாரன்ட்டியைப் பதிவு செய்யுங்கள். வாரன்ட்டி காலத்தில் சர்வீஸ் மறுக்கப்பட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் செய்யலாம்.

வாங்காமலே இருக்கலாமா?

இருக்கலாம். சிறிய வீடு, டைல்ஸ் தரை, மெத்தையும் சோபாவும் குறைவு என்றால், நின்றபடியே பயன்படுத்தும் நீளக் கைப்பிடித் துடைப்பமும், நன்றாகப் பிழியும் மாப்பும் போதும். நோக்கம் அம்மா குனியாமல் இருப்பதுதான். அதற்கு 300 ரூபாய் பொருள் உதவினால் அதுவே நல்ல தேர்வு. தூசு அலர்ஜி, பெரிய வீடு, நிறைய மெத்தை, சோபா என்றால், எடை குறைந்த, பேட்டரி மாற்றக்கூடிய, ஹெப்பா ஃபில்டர் உள்ள ஒயர் இல்லாத ஸ்டிக் வகையை முதலில் பாருங்கள். வாங்கிய பிறகு முதல் இரண்டு, மூன்று முறை நீங்களே உடன் இருந்து ஓட்டிக் காட்டுங்கள்.