தச்சன் பெயர் எழுதிய ஜன்னல்

இங்கிலாந்தின் செஷையர் பகுதியில் லிட்டில் மோர்ட்டன் ஹால் என்று ஒரு பழைய பண்ணை மாளிகை. கம்பெனி வேலையாகப் போயிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். சுற்றிலும் அகழி, நடுவே முற்றம், ஓக் மரச் சட்டங்களுக்கு இடையே சாந்து பூசிய சுவர்கள். 1500-களின் தொடக்கத்தில் வில்லியம் மோர்ட்டன் என்ற நிலக்கிழார் ஆரம்பித்ததை, அடுத்த தலைமுறைகள் சேர்த்துச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள்.

நம்ம ஸ்ட்ரக்சர்ஸ் வாத்தியார் இந்த பிளானில் கையெழுத்தே போட்டிருக்க மாட்டார்! தெற்குப் பகுதியின் உச்சியில் 68 அடி நீளத்துக்கு ஒரு கூடம். மழைக்காலத்தில் உள்ளேயே உலாவுவதற்காம். அதற்குமேல் கூரையாகக் கனத்த கல் பலகைகள். பாரம் தாங்காமல் கீழ்த்தளங்கள் வளைந்து, வீட்டில் நேர்க்கோடு என்று ஒன்றைத் தேட வேண்டியிருக்கிறது. கூடம் பிளந்துவிடாமலிருக்கப் பின்னால் குறுக்கு உத்தரங்கள் கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் விழவில்லை. முளை அடித்த மர மூட்டுகள் கொஞ்சம் கொஞ்சமாக அசைந்து இடம் கொடுத்திருக்கின்றன.

உள்நாட்டுப் போரில் குடும்பம் மன்னர் பக்கம் நின்று நொடித்துப் போனது. வீடு குத்தகை விவசாயிகள் கைக்குப் போயிற்று. இடித்துப் புதுசாகக் கட்டப் பணமில்லாததால்தான் பழைய வீடு மிஞ்சியது என்பேன். 1938-இல் நேஷனல் டிரஸ்ட் வசம் வந்தது.

தம்பிகளே, அந்தப் பக்கம் போனால் முற்றத்து ஜன்னல்களை அண்ணாந்து பாருங்கள். 1559-இல் அவற்றைச் செய்தது தச்சன் ரிச்சர்ட் டேல் என்று மரத்திலேயே செதுக்கியிருக்கிறது, முதலாளி பெயரோடு சேர்த்து. பத்து வருஷமாக நான் போட்ட டிராயிங்குகளில் எல்லாம் கம்பெனி பெயர் மட்டும்தான்.