நெப்வொர்த் மாளிகையும் தாது வருஷப் பஞ்சமும்

தில்லியில் வாழும் நம்மவர் வீட்டுத் திருமணத்துக்கு இடம் தேடும்போது, வசதியுடையோர் சத்தர்பூர்ப் பக்கத்துப் பண்ணை வீடுகளை நாடுவதை நாம் அறிவோம். பரந்த புல்வெளி, அதன் ஓரத்தில் ஒரு வீடு, வண்ண விளக்குகள், ஷாமியானா, ஒரு நாள் வாடகை என அமைவது அவ்வேற்பாடு. இவ்வழக்கம் இங்கிலாந்திலும் உண்டு. ஆனால் அங்கே வாடகைக்குக் கிடைப்பவை அண்மையில் எழுந்த பண்ணை வீடுகள் மட்டும் அல்ல. பல நூற்றாண்டுகளாகப் பெருங்குடியினர் வாழ்ந்த நாட்டுப்புற மாளிகைகளும், அவற்றைச் சூழ்ந்த சோலைகளும் இன்று திருமணத்துக்கும் இசை விழாவுக்கும் திரைப்படப் பிடிப்புக்கும் வாடகைக்கு விடப்படுகின்றன.

அம்மாளிகைகளை நம் பக்கத்து ஜமீன் அரண்மனைகளுக்கு ஒருவாறு ஒப்பிடலாம். சுற்றிலும் உள்ள பல்லாயிரம் ஏக்கர் நிலத்தைக் குடியானவர்கள் உழுது செலுத்திய குத்தகையே அவற்றைத் தாங்கிய தூண். குத்தகை வாங்கி வாழ்ந்த மாளிகை, தானே வாடகைக்குப் போகும் நிலை எவ்வாறு வந்தது? இவ்வினாவுக்கு விடை தேடிச் செல்வோர், லண்டனுக்கு வடக்கே ஏறத்தாழ 28 மைல் தொலைவில் ஹார்ட்ஃபர்ட்ஷயரில் உள்ள நெப்வொர்த் மாளிகையின் வரலாற்றில் நம் முன்னோர் பட்ட பெருந்துயர் ஒன்றையும் எதிர்கொள்ள நேரிடும்.

தந்தையும் மைந்தனும்

நெப்வொர்த் 1490ஆம் ஆண்டில் லிட்டன் குடும்பத்தாரின் கைக்கு வந்தது. நாற்புறமும் கட்டடம் சூழ நடுவே முற்றம் கொண்டிருந்த அம்மாளிகையின் மூன்று பக்கங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டன. எஞ்சிய பகுதிக்குக் கோபுரங்களும் சிற்பங்களும் சேர்த்து இன்று காணும் தோற்றத்தை அளித்தவர் நாவலாசிரியர் எட்வர்ட் புல்வர் லிட்டன். ‘பாம்ப்பியின் இறுதி நாட்கள்’ என்ற புகழ்பெற்ற நாவலை 1834இல் வெளியிட்டவர் அவரே. 1850ஆம் ஆண்டு நவம்பரில் சார்லஸ் டிக்கன்ஸ் தம் நண்பர் குழுவுடன் இம்மாளிகையில் நாடகம் நடித்தார். அந்நாளில் அரங்கும் விருந்தும் வீட்டுக்காரர் அளித்தவை, வந்தவர் விருந்தினர்.

புல்வர் லிட்டனின் அரசியலில் ஒரு செய்தி நம் கவனத்துக்கு உரியது. அயல்நாட்டுத் தானியத்துக்கு வரி விதித்து உள்நாட்டு விலையை உயர்த்தி வைத்த தானியச் சட்டங்களை 1846இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் நீக்கியது. வணிகம் தடையின்றி நடக்கட்டும், விலையைச் சந்தையே முடிவு செய்யட்டும் என்பது அச்செயலின் அடிப்படைக் கொள்கை. அதனால் நிலவுடைமையாளர் அழிவர் என்று அஞ்சிய புல்வர் லிட்டன், 1851இல் எழுதிய அரசியல் கடிதங்களில் பாதுகாப்பு வரியை ஆதரித்து வாதிட்டார். அடுத்த ஆண்டே கட்சி மாறிப் பாராளுமன்றத்தில் நுழைந்தார். நெப்வொர்த்தின் தலைவாயிலில் நின்று பார்த்தவருக்குத் தானியத்தின் விலையை முற்றிலும் சந்தையிடம் ஒப்படைப்பது தீங்காகவே தோன்றியது.

அவருடைய மைந்தர் ராபர்ட் லிட்டன் கவிஞர், அரசின் தூதுவர். 1876இல் அவர் இந்தியாவின் வைஸ்ராயாக வந்தார். அவ்வாண்டு சென்னை மாகாணத்தில் பருவமழை பொய்த்தது. பல்லாரி, கடப்பை, கர்நூல், வட ஆற்காடு, செங்கற்பட்டு, சேலம், கோயம்புத்தூர் எனப் பஞ்சம் பரவிற்று. தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று சொல்லி வந்தது இதனையே.

அதே தாது வருஷத்தின் மார்கழியில், 1877 ஜனவரி 1ஆம் நாள், தில்லியின் வடபுறத்தில் லிட்டன் பிரபு மாபெரும் தர்பாரைக் கூட்டினார். விக்டோரியா அரசியார் இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று அங்கே பறைசாற்றப்பட்டது. மன்னர்களும் பிரபுக்களும் பரிவாரங்களுடன் வந்து தங்கக் கூடார நகரமே எழுந்தது. இன்று ‘கோரனேஷன் பார்க்’ என்று நாம் அறியும் இடம் அது. நெப்வொர்த் பிரபு ஒருவர் நடத்திய மாபெரும் திறந்தவெளி விழா அது. அதன் செலவு இந்தியக் கருவூலத்தின்மேல் விழுந்தது.

பஞ்சத்தைப் பொறுத்தவரை அவருடைய அரசின் கொள்கை தெளிவானது. தானிய விலையில் அரசு தலையிடலாகாது, வணிகர் கொண்டுவரட்டும், நிவாரணச் செலவு கட்டுக்குள் நிற்கவேண்டும். சென்னை அரசு தானே தானியம் வாங்கியதை இந்திய அரசு ஏற்கவில்லை. மேற்பார்வைக்கு அனுப்பப்பட்ட சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் உழைத்த ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று வரையறுத்தார். மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இதனை வன்மையாக எதிர்த்தார். அவ்வளவு கொண்டு உழைக்கும் உடல் உயிர் தாங்காது என்று எடுத்துரைத்தார். அப்பஞ்ச ஆண்டுகளிலும் இந்தியக் கோதுமை கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தது. 1878இல் பஞ்சம் தணிவதற்குள் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது வரலாற்றாசிரியர் பலரின் மதிப்பீடு.

நடுநிலையாகச் சொல்லவேண்டிய சிலவும் உண்டு. 1877இல் லிட்டன் பிரபு சென்னைக்கு நேரில் வந்து நிலைமையைக் கண்டார். லண்டன் மேயர் திரட்டிய நிதிக்கு இங்கிலாந்து மக்கள் 5 லட்சம் பவுனுக்கும் மேல் வழங்கினர். பஞ்சத்தை ஆராய அமைந்த குழு 1880இல் அறிக்கை அளித்தது. பின்னாளில் எழுந்த பஞ்ச நிவாரண விதிகளுக்கு அதுவே அடிப்படை. நம் நாட்டிலும் கொடையாளர் இல்லாமல் இல்லை. மாயூரத்தில் வேதநாயகம் பிள்ளை தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தோருக்குக் கஞ்சி வார்த்தார். கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் போற்றிப் பாடினார். தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை அவர் வெளியிட்டது 1879இல், லிட்டன் பிரபு வைஸ்ராயாக வீற்றிருந்த காலத்தில். எழுத்தாளர் இருவர் ஒரே பஞ்சத்தைக் கண்டனர். பேரரசின் கருவூலம் ஒருவரிடம் இருந்தது. ஓய்வுபெற்ற முன்சீப்பின் சேமிப்பு மற்றவரிடம் இருந்தது.

சந்தை திரும்பிய திசை

சென்னை மாகாணத்தில் தானியம் எட்டாத விலைக்கு ஏறிய அதே பத்தாண்டில், இங்கிலாந்தில் அதன் விலை சரியத் தொடங்கிற்று. அமெரிக்கப் புல்வெளிகள் உழவுக்கு வந்தன. ரயிலும் நீராவிக் கப்பலும் அக்கோதுமையை மலிவாகக் கொண்டு சேர்த்தன. 1877இல் ஒரு குவார்ட்டர் கோதுமை இங்கிலாந்தில் 56 ஷில்லிங்குக்கு மேல் விற்றது. 1894இல் 23 ஷில்லிங்குக்கும் கீழே இறங்கிற்று. குடியானவர் குத்தகை கட்ட இயலாமல் நிலத்தை விட்டு அகன்றனர்; மாளிகைகளின் வருவாய் வற்றியது. போதாக்குறைக்கு, உடையவர் இறந்தால் வாரிசு செலுத்தவேண்டிய மரண வரியும் அந்த 1894ஆம் ஆண்டிலேயே விதிக்கப்பட்டது.

தந்தையார் அஞ்சியது நடந்தேறியது. மைந்தர் சென்னைக்கு விதித்த சந்தைக் கொள்கை, அவருடைய வகுப்பாரின் அடித்தளத்தையே இங்கிலாந்தில் அரித்துவிட்டது. ஆனால் இரு அழிவுகளும் ஒன்றல்ல. சேலத்து உழவனிடம் விற்பதற்கு ஏர்மாடும் பாத்திரமும் இருந்தன. அவை தீர்ந்தபின் உயிர் போயிற்று. உயிர் பிழைத்தோருள் பலர் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் மொரீஷியசுக்கும் கூலிகளாகச் சென்றனர். இங்கிலாந்துப் பிரபுவிடமோ நிலம் இருந்தது, ஓவியங்கள் இருந்தன, தோட்டம் இருந்தது. ஒவ்வொன்றாக விற்று மூன்று தலைமுறைகள் தள்ள முடிந்தது.

அதுவும் இயலாத மாளிகைகள் இருபதாம் நூற்றாண்டில் நூற்றுக்கணக்கில் இடிக்கப்பட்டன. பஞ்சகாலத்தில் சென்னை ஆளுநராயிருந்த பக்கிங்ஹாம் கோமகனின் குடும்ப மாளிகையான ஸ்டோவின் கதி இதற்கு முன்னறிகுறி போன்றது. அவருடைய தந்தையின் கடனுக்காக 1848இல் அதன் பொருள்கள் 40 நாட்கள் ஏலம் போயின. 1923இல் மாளிகை பள்ளிக்கூடமாயிற்று. லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 1974இல் ‘நாட்டுப்புற மாளிகையின் அழிவு’ என்று ஒரு கண்காட்சியே நடத்தவேண்டியிருந்தது.

புல்வெளிக்கு வாடகை

நெப்வொர்த் இடிபடாமல் தப்பிய வழி வேறு. 1971இல் குடும்பத்தார் மாளிகையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டனர். நுழைவுச் சீட்டு வருவாய் மட்டும் பழங்கட்டடத்தின் பழுதுபார்ப்புக்குப் போதவில்லை. 1974 ஜூலையில் மாளிகையைச் சூழ்ந்த பெருவெளி ராக் இசைவிழாவுக்கு விடப்பட்டது. பிங்க் ஃபிளாய்ட், ரோலிங் ஸ்டோன்ஸ், லெட் செப்பலின் என அக்காலத்துப் பெருங்குழுக்கள் அடுத்தடுத்து வந்தன. 1986 ஆகஸ்ட் 9ஆம் நாள் குவீன் குழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்னிலையில் இங்கே பாடியது. ஃப்ரெடி மெர்க்குரி அக்குழுவோடு மேடையேறிய இறுதி நிகழ்ச்சி அதுவே. பார்சிக் குடும்பத்தில் பிறந்து, நம் பஞ்சகனியில் பள்ளிப் படிப்புப் பயின்ற ஃபரோக் புல்சாராதான் அவர். 1996இல் ஓயாசிஸ் குழு பாடிய இரண்டு நாட்களில் இரண்டரை லட்சம் பேர் திரண்டனர்.

ஆங்கிலத் திருமணச் சட்டமும் இத்தகைய மாளிகைகளுக்குக் கைகொடுத்தது. இங்கிலாந்தில் பதிவுத் திருமணம் பதிவு அலுவலகத்திலேயே நடக்கவேண்டியிருந்தது. 1994ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தளர்த்தி, ஒப்புதல் பெற்ற கட்டடங்களிலும் நடத்தலாம் என்றது. 1995இல் அது நடைமுறைக்கு வந்தது. ஆயினும் நிலையான கூரையின்கீழ்தான் நடத்தவேண்டும். தோட்டத்தை வாடகைக்கு எடுத்தவர்கூட மணவினையைக் கூரைக்குள் முடித்துவிட்டே புல்வெளிக்கு விருந்துண்ண வரவேண்டியிருந்தது. 2021 ஜூலையில்தான் அவ்விடங்களின் வளாகத்தில் திறந்தவெளியிலும் மணம் முடிக்க இசைவு கிடைத்தது. மறு ஆண்டில் அது நிலையாயிற்று. பந்தற்கால் நட்டு, வாழை கட்டி, தெருவறியத் திருமணம் செய்து பழகிய நமக்கு இத்தகைய சட்டம் வியப்பையே தரும்.

வாடகைக்கு விடுவதிலும் ஒரு நெறி உண்டு. புல்வெளி ஒரு நாளில் மிதிபட்டால் தேறப் பல வாரமாகும். கனத்த வண்டிகள் செல்லத் தரைமேல் தடம் விரிக்கவேண்டும். முதுமரங்களின் வேரில் கூடார முளை அடிக்கலாகாது. அண்டை ஊரார் உறங்க இசை உரிய நேரத்தில் ஓயவேண்டும். பழமையைக் காக்கப் பணம் வேண்டும். அப்பணம் தரும் கூட்டமே பழமையைத் தேய்க்கவும் கூடும். இவ்விரண்டுக்கும் நடுவே கணக்குப் பார்த்து நடப்பதே அங்குள்ளோரின் அன்றாடக் கவலை. நம் பக்கத்து ஜமீன் அரண்மனைகளும் செட்டிநாட்டு வீடுகளும் விடுதிகளாகவும் படப்பிடிப்புத் தளங்களாகவும் மாறிவரும் இக்காலத்தில், இக்கணக்கு நமக்கும் அயலானதன்று.

தோட்டத்தில் உலவுவோர் காணவேண்டியவை

அங்கே உலவச் செல்வோர் கால்வைக்கும் தோட்டத்தைப் பெரிதும் திருத்தி அமைத்தவர் எட்வின் லட்யன்ஸ். ராஷ்டிரபதி பவனையும் இந்தியா கேட்டையும் வடிவமைத்த அதே லட்யன்ஸ்தான். அவர் 1897இல் மணந்த எமிலி, வைஸ்ராய் லிட்டனின் மகள். அவ்வம்மையார் பிற்காலத்தில் அன்னி பெசண்டின் பிரம்மஞான இயக்கத்தில் ஈடுபட்டு, அடையாற்றிலிருந்து இங்கிலாந்து வந்த இளைஞர் ஜே. கிருஷ்ணமூர்த்தியைத் தம் பிள்ளைபோல் பேணினார். மற்றொரு மகள் கான்ஸ்டன்ஸ், பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுச் சிறை புகுந்தார். பிரபு குடும்பத்தவர் என்பதால் சிறையில் தமக்குச் சலுகை கிடைப்பது கண்டு, 1910இல் ஏழைத் தையற்காரியாக வேடம் பூண்டு மீண்டும் சிறை சென்று உண்ணாநோன்பு இருந்தார். வலிந்து உணவூட்டப்பட்டு உடல் நலிந்தார். ஏழையின் பட்டினி வேறு, பெருங்குடியினரின் பட்டினி வேறு என்று சட்டம் கருதுவதை வைஸ்ராயின் மகளே உலகுக்குக் காட்டினார்.

நெப்வொர்த் மாளிகையில் 1877 தர்பாரை நினைவூட்டும் பொருள்கள் காட்சிக்கு உள்ளன. தர்பார் பொருள்களை விட்டுச்செல்லும். பட்டும் பதக்கமும் பேழைக்குள் நிலைக்கும். பஞ்சம் எதை விட்டுச்செல்லும்? கஞ்சி வார்த்த கலயத்தை யாரும் பாதுகாத்து வைப்பதில்லை. தாது வருஷத்தின் நினைவுச்சின்னம் ஒன்றைக் காணவேண்டுமாயின் சென்னைக்கே செல்லவேண்டும். அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து, பஞ்ச நிவாரண வேலையாகப் பட்டினி மக்கள் 1877-78இல் வெட்டிய கால்வாய்ப் பகுதி, அந்நாளைய ஆளுநரின் பெயரால் பக்கிங்ஹாம் கால்வாய் எனப்படுகிறது. அதன் மேலாகவே இன்று பறக்கும் ரயில் ஓடுகிறது. வெட்டியவர்களின் பெயர் அதில் எங்கும் இல்லை.

நம் பிள்ளைகள் பலர் இன்று இங்கிலாந்தில் படிக்கின்றனர், பணிபுரிகின்றனர். அவர்களும் இத்தகைய புல்வெளியில் இசை கேட்கலாம். தம் திருமண விருந்தையே அங்கே நடத்தலாம். அதில் தவறு யாதொன்றும் இல்லை. கதவு அடைத்திருந்த மாளிகை, வாடகை கொடுக்கும் எவருக்கும் திறந்திருப்பது நன்மையே. சேலத்தையும் செங்கற்பட்டையும் அந்நாளில் உலுக்கிய பசியின் பெயரை மட்டும் அவர்கள் அறிந்து செல்லவேண்டும். தாது வருஷம் என்றால் என்ன என்று பேரப்பிள்ளை கேட்கும்போது, பதில் சொல்ல வீட்டில் ஒருவராவது இருத்தல் வேண்டும்.